தட்டு மேசையில், மேசையில் தட்டு

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, 2022 கோடையிலிருந்து உக்ரைன்காரர்களுக்குக் கணினி வழியாக அடிப்படை ஆங்கிலம் சொல்லித் தருகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, அதே வேலையில் இருக்கும் பலர் எழுதிவிட்டார்கள். இந்த முறை முழுப் பக்கமும் அவர்களுக்கே.

டீச்சர், நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் கார்கிவ் நகரிலிருந்து வந்த ஓர் அம்மா இருக்கிறார். வாரம் இரண்டு நாள் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எத்தனை தடவை திருத்தினாலும் 'சூப் ஹாட்', 'ஐ டீச்சர்' என்றுதான் சொல்கிறார். 'எ', 'தி' இரண்டும் வரவே இல்லை. எனக்கு உக்ரேனிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. இதைச் சொல்லித் தர எனக்குத் தகுதி இருக்கிறதா?

உங்களுக்குத் தமிழ் தெரியும் அல்லவா? அது எவ்வளவு பெரிய உதவி என்று இன்னும் நீங்கள் பார்க்கவில்லை.

'நான் ஆசிரியை' என்று தமிழில் சொல்கிறோம். நடுவில் வினைச்சொல் ஏதும் வைப்பதில்லை. உக்ரேனிய மொழியிலும் 'யா வ்சிதெல்கா' அவ்வளவுதான். 'யா' என்றால் நான், மற்றது ஆசிரியை. அந்த அம்மா 'ஐ டீச்சர்' என்று சொல்வது கவனக்குறைவால் அல்ல. அவர் மொழியில் அந்த இடத்தில் எதுவுமே கிடையாது. நம் மொழியிலும் கிடையாது. 'எனக்குக் குளிர்கிறது', 'எனக்கு இருபது வயது' என்று நாம் 'கு' உருபு போடும் இடங்களில் அவர்களும் அதையே செய்கிறார்கள். 'மெனி ஸ்மக்கூயே' என்றால் எனக்கு ருசிக்கிறது. அதனால்தான் ஆரம்பத்தில் 'டு மீ டேஸ்ட்டி' என்று வரும். அவர்களுக்கு வேற்றுமை ஏழு, நமக்கு எட்டு. விளி வேற்றுமைகூட உண்டு: 'மாமா' என்றால் அம்மா, கூப்பிடும்போது 'மாமோ'.

சரி, 'எ', 'தி' விஷயத்துக்கு வருகிறேன். இலக்கணப் புத்தகம் விதி விதியாகச் சொல்லும். நான் ஒரு தட்டை மேசையில் வைத்துத்தான் தொடங்குகிறேன். 'மேசையில் தட்டு இருக்கிறது' என்றால் தட்டு இப்போதுதான் பேச்சுக்குள் வருகிறது. 'தட்டு மேசையில் இருக்கிறது' என்றால் எந்தத் தட்டு என்று இருவருக்கும் ஏற்கெனவே தெரியும். உக்ரேனிய மொழியிலும் இதே வித்தியாசம் இதே மாதிரி வருகிறது. 'நா ஸ்தோலி தரீல்கா' என்பது முதலாவது, 'தரீல்கா நா ஸ்தோலி' இரண்டாவது. ஆங்கிலம் இதையே 'எ பிளேட்', 'தி பிளேட்' என்று பிரிக்கிறது. அந்த அம்மாவுக்கு இந்த உணர்வு குழந்தைப் பருவத்திலிருந்தே இருக்கிறது. சொற்களின் வரிசையை மாற்றிச் சொன்னதை இனி ஒரு சின்னச் சொல்லால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வாக்கியங்களையும் அவரையே உக்ரேனிய மொழியில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஆங்கிலத்தில். ஒரு வாரம் தட்டு, கரண்டி, கத்தி, கோப்பை என்று இதை மட்டும் செய்யுங்கள்.

இன்னொன்று. அவர்கள் நாட்டின் பெயருக்கு முன்னால் 'தி' போடக் கூடாது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் 'தி உக்ரைன்' என்று இருக்கும். அது ஒரு பகுதியைச் சொல்வது போன்ற பேச்சு. தனி நாட்டின் பெயர் வெறும் 'உக்ரைன்'. என் வகுப்பில் மற்ற 'தி'களை மறந்தவர்கள்கூட இதை ஒருநாளும் தவற விடவில்லை.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். என்னிடம் படிப்பவர்கள் காய்கறிப் பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஆனால் வாக்கியத்தில் வைத்தால் 'ஐ பாட் பொட்டேட்டோ அண்டு ஆனியன்' என்கிறார்கள். 'மணி ஆர்', 'கிரீம் ஆர்' என்றும் வருகிறது. ஒருமை பன்மையை எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது, அம்மா?

ஐயா, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

உக்ரேனிய மொழியில் கர்தோப்லியா என்றால் உருளைக்கிழங்கு. ஒரு மூட்டை இருந்தாலும் கர்தோப்லியாதான், ஒருமைதான். வெங்காயம் த்ஸிபூல்யா, கேரட் மோர்க்வா, பீன்ஸ் க்வசோல்யா, எல்லாம் இப்படியே. நாம் 'ஒரு கிலோ உருளைக்கிழங்கு' என்கிறோமே, கிழங்குகள் என்பதில்லையே, அது போலத்தான். ஒற்றைக் கிழங்கைத் தனியாகச் சொல்ல வேண்டுமானால் வால் ஒன்று சேர்ப்பார்கள்: கர்தோப்லீனா, த்ஸிபூலீனா, மோர்க்வீனா. இந்த வாலைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வகுப்பே சுலபமாகிவிட்டது. 'எ பொட்டேட்டோ' என்றால் கர்தோப்லீனா என்று சொல்லிவிடுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள். பல கர்தோப்லீனா சேர்ந்தால் ஆங்கிலத்தில் 'ஸ்' வர வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பணம் அவர்களுக்கு எப்போதும் பன்மை: ஹ்ரோஷி. பால் க்ரீமும் பன்மை: வெர்ஷ்கி. ஈஸ்ட்கூடப் பன்மை. 'மணி ஆர்' எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறது அல்லவா? இந்த மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி ஒட்டி வைத்துவிட்டால் போதும், பெரிய விளக்கம் வேண்டாம்.

'எ கிளாஸ் ஆஃப் வாட்டர்' என்பதில் 'ஆஃப்' விட்டுப்போகும். அவர்கள் மொழியில் தண்ணீரின் முடிவை மாற்றினாலே அந்தப் பொருள் வந்துவிடுகிறது, தனிச் சொல் தேவையில்லை. எண்களில் மட்டும் ஆங்கிலம் அவர்களுக்கு விடுமுறை மாதிரி. இரண்டு ஆப்பிள் 'த்வா யாப்லுகா', ஐந்து ஆப்பிள் 'ப்யாத் யாப்லுக்' என்று வடிவமே மாறும் மொழி அது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஐந்துக்கும் ஒரே 'ஆப்பிள்ஸ்' என்று சொன்னபோது ஒரு பெரியவர் கைதட்டினார்.

இதையெல்லாம் சேர்த்துப் பழக நான் வைத்திருக்கும் பாடம் போர்ஷ்ச். பீட்ரூட் சூப். ஆங்கில எழுத்தில் கடைசியில் 'ட்' ஒலி சேர்ந்திருக்கும், அவர்கள் சொல்வதில் அது கிடையாது. அவர்கள் சொல்வது போலவே நானும் சொல்கிறேன். 2022 ஜூலை 1 அன்று, உக்ரைனில் போர்ஷ்ச் சமைக்கும் பண்பாட்டை, அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. வீட்டுக்கு வீடு இது மாறும் என்பதுதான் நமக்கு லாபம். பொல்தாவா பக்கத்தில் ஹலூஷ்கி என்னும் மாவு உருண்டை போடுவார்கள். வசந்தத்தில் புளிப்புக் கீரையும் முட்டையும் போட்டுப் பச்சைப் போர்ஷ்ச். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு இறைச்சி இல்லாமல், உள்ளே காளான் வைத்த சின்னக் கொழுக்கட்டைகளோடு.

முதல் வகுப்பில் என்னென்ன வேண்டும் என்று பட்டியல் மட்டும்: எ பீட்ரூட், டூ கேரட்ஸ், ஆன் ஆனியன், சம் கேபேஜ், சம் டில், சம் சவர் கிரீம். எது 'எ', எது 'சம்' என்று அவர்களே வாதாடட்டும். பீன்ஸ் என்று ஒருவர் சொல்வார், என் வீட்டில் போடவே மாட்டோம் என்று அடுத்தவர் சொல்வார். அங்கேயே 'ஆல்வேஸ்', 'சம்டைம்ஸ்', 'நெவர்' மூன்றையும் கொடுத்துவிடலாம். இரண்டாம் வகுப்பில் 'ஐ ஆட் பீன்ஸ்', 'மை மதர் ஆட்ஸ் மஷ்ரூம்ஸ்'. வினையில் அந்த 'ஸ்' வருவதற்கு அம்மா, பாட்டி, மாமியார் மூவரையும் பேச்சுக்குள் கொண்டுவந்தால் போதும். பூண்டை எப்போது போடுவது என்பது பற்றி என் வகுப்பில் இருபது நிமிடம் சண்டை நடந்தது, முழுக்க ஆங்கிலத்தில். அதற்கு முந்தின வாரம் வரை வாயே திறக்காத ஒரு பெண்தான் அதிகம் பேசினார்.

என் மாணவர் ரொட்டியை 'ஹீ' என்கிறார், உருளைக்கிழங்கை 'ஷீ' என்கிறார். 'ஐ டோன்ட் ஈட் நத்திங்' என்றும் சொல்கிறார். எதை முதலில் திருத்தட்டும்?

உணவுப் பொருள் எல்லாம் அஃறிணை, 'இட்' என்று ஒரு முறை சொல்லிவிட்டு விடுங்கள். அவர்கள் மொழியில் ரொட்டி ஆண்பால், உருளைக்கிழங்கு பெண்பால், குடிக்கும் பால் இரண்டிலும் சேராத நடுப்பால். பேசப் பேச அது உதிர்ந்துவிடும். இரண்டாவதைத்தான் கவனியுங்கள். நாம் 'ஒன்றும் சாப்பிடவில்லை' என்பது போல அவர்களும் 'ஒன்றும்', 'இல்லை' இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். 'எனிதிங்' என்ற சொல்லை முதலில் கொடுங்கள். 'நத்திங்' பிறகு வரட்டும்.

கடைக்கு அழைத்துப் போய்ப் பேசப் பழக்கலாம் என்று நினைக்கிறேன். எந்தச் சொற்களில் சிக்கல் வரும்? நான் இருப்பது பிரிட்டனில்.

நல்ல யோசனை. 'கடை' என்பதிலேயே சிக்கல் தொடங்கும். உக்ரேனிய மொழியில் மஹாஸின் என்றால் கடை. ஆங்கிலத்தில் அதே போல ஒலிப்பது பத்திரிகை. அவர்களுடைய பிஸ்க்வீத் மெத்தென்ற கேக், ஆங்கில பிஸ்கட்டுக்கு அவர்கள் சொல் பெச்சிவோ. சலாத் என்றால் சாலடும் உண்டு, லெட்யூஸ் கீரையும் உண்டு. சிர் என்றால் சீஸும் அதுதான், உதிரி உதிரியான காட்டேஜ் சீஸும் அதுதான். எதைக் கேட்கிறார் என்று கையால் காட்டச் சொல்லுங்கள். சிப்ஸ் கேட்டால் பிரிட்டனில் சூடாக வறுத்த உருளைக்கிழங்கு வரும். பொட்டலத்தில் இருப்பது அங்கே 'கிரிஸ்ப்ஸ்'. பலர் அமெரிக்கச் சொற்களைப் படித்துவிட்டு வந்திருப்பார்கள், 'ஸுக்கினி' என்று தேடுவார்கள், பலகையில் 'கூர்ஜெட்' என்று இருக்கும்.

பொட்டலத்தின் பின்பக்கம் 'பிரிசர்வேட்டிவ்' என்று இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதே ஒலியுள்ள உக்ரேனியச் சொல் ஆணுறையைக் குறிக்கும். கடையில் நின்று சத்தமாகப் படித்துவிட்டுச் சங்கடப்படுவதைவிட வீட்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அப்புறம் 'யூஸ் பை', 'பெஸ்ட் பிஃபோர்' இரண்டுக்கும் வித்தியாசம். முதலாவது தேதி தாண்டினால் சாப்பிடக் கூடாது. இரண்டாவது தாண்டினால் ருசி குறையலாம், ஆபத்து என்று பொருள் இல்லை. காசை எண்ணிச் செலவு செய்யும் குடும்பத்துக்கு இது எல்லா இலக்கணத்தையும்விட முக்கியம்.

'சிப்', 'சீப்' இரண்டையும் ஒரே மாதிரி சொல்கிறார்களே?

நாம் குறில், நெடில் என்று சொல்லித் தருவோம். அவர்களுக்கு அது பிடிபடாது, நீளத்தால் பொருள் மாறும் மொழி அல்ல அது. ஆனால் அவர்களிடம் இரண்டு தனி 'இ' இருக்கின்றன. ஒன்றில் கித் என்றால் திமிங்கலம், இன்னொன்றில் கீத் என்றால் பூனை. 'சிப்' திமிங்கலத்து இ, 'சீப்' பூனையின் இ. இதை ஒரு தடவை சொன்னால் பெரும்பாலும் போதும். 'வைன்' என்பதில் உதடு குவியவில்லை என்றால், ல்வீவ் நகரின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அதன் கடைசி ஒலியில் உதடு குவியும். அங்கிருந்து தொடங்குங்கள்.

டீச்சர், இறந்தகாலம் பழக, 'உங்கள் பழைய வீட்டுச் சமையலறையில் என்னென்ன இருந்தன?' என்று கேட்டேன். அந்தப் பெண் நோட்டை மூடிவிட்டார். அதன் பிறகு இரண்டு வகுப்புக்கு வரவில்லை. என்ன செய்வது என்று தெரியவில்லை.

நானும் இதைச் செய்திருக்கிறேன், சகோதரி. முதல் வருட இலையுதிர் காலம். 'தேர் வாஸ்', 'தேர் வேர்' பாடம். பாடப் புத்தகத்தில் இருந்த கேள்விதான், யோசிக்காமல் கேட்டேன். ஒரு பெண் கேமராவை அணைத்துவிட்டார். நான் தொடர்ந்து அடுத்தவரைக் கேட்டேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. நிறுத்தியிருக்க வேண்டும்.

இப்போது என் வகுப்பில் நிகழ்காலம்தான் முதலில் வரும்: இன்று ஃப்ரிட்ஜில் என்ன இருக்கிறது? இறந்தகாலம் என்றால் நேற்று இரவு என்ன சமைத்தீர்கள், அவ்வளவுதான். உக்ரைனிலிருந்தே வகுப்பில் சேர்கிறவர்களிடம் அதையும் பார்த்துத்தான் கேட்பேன். மின்சாரம் இல்லாத இரவில் சமையலே நடந்திருக்காது. வீட்டைப் பற்றி, ஊரைப் பற்றி அவர்களாகச் சொல்லும் வரை நான் கேட்பதில்லை. சொல்லத் தொடங்கினால் நடுவில் திருத்துவதும் இல்லை.

அந்தப் பெண் மூன்று வாரம் கழித்து வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. குளிர்காலம் முடிகிற சமயத்தில், வேறு ஏதோ பயிற்சியின் நடுவே, 'தேர் வாஸ் எ புளூ டேபிள்' என்றார். கொஞ்சம் பொறுத்து, 'தி டேபிள் வாஸ் மை கிராண்ட்மதர்ஸ்'. இரண்டிலும் 'எ', 'தி' சரியாக விழுந்திருந்தன.

உங்கள் மாணவிக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: தெரியாமல் கேட்டுவிட்டேன், மன்னியுங்கள், செவ்வாய்க்கிழமை வந்தால் கடை ரசீது ஒன்றைப் படிக்கலாம். வந்துவிட்டால் உண்மையிலேயே ரசீதை எடுத்து மேசையில் வையுங்கள். அதில் உள்ள பொருள்களை வைத்து 'எ', 'சம்', 'ஸ்' மூன்றையும் பழகலாம். ஒரு மணி நேரம் தாராளமாக ஓடும்.