இரவில் பாடியவர், காலையில் சட்டம் பேசினார்: உபத்திரவமும் சந்தோஷமும் பற்றிய கேள்வி பதில்

இறையியல் மாணவர்களுக்குச் சபை வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். முதல் முந்நூறு ஆண்டுகளே எனக்கு நன்றாகத் தெரிந்த பகுதி. அதற்குள் கேட்டால் நீட்டிப் பேசுவேன், வெளியே கேட்டால் ஒரு வரிதான். சட்ட ஆலோசனையும் தீர்க்கதரிசனமும் என்னிடம் கிடைக்காது.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: ஐயா, பவுலும் சீலாவும் அடிவாங்கிய அதே ராத்திரியில் பாடினார்கள் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. நிஜமாகவே ஒரு மனுஷனால் அது முடியுமா?

முடிந்திருக்கிறது, தம்பி. ஆனால் அந்த இரவை மட்டும் வெட்டி எடுத்தால் கதை கெட்டுப்போகும். பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்ற நகரம். ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர். அங்கே குறிசொல்லும் ஓர் அடிமைப் பெண்ணைப் பவுல் விடுவிக்கிறார், அவள் எஜமான்களுக்கு வருமானம் போகிறது. ஆனால் வழக்கில் வருமானத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ‘இந்த யூதர்கள் நம் ஊரைக் கலக்குகிறார்கள், ரோமருக்கு ஆகாத முறைமைகளைப் போதிக்கிறார்கள்’ என்பதுதான் குற்றச்சாட்டு. பணத்தில் விழுந்த அடி, பண்பாட்டுக் கோபமாக வேஷம் போட்டு வருகிறது. விசாரணை கிடையாது. துணியைக் கிழித்து, பிரம்பால் அடித்து, உட்காவலறையில் கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள்.

என்ன பாடினார்கள் என்று எழுதப்படவில்லை. இருட்டில் மனப்பாடம்தான் உதவும், ஆகவே சங்கீதங்களாக இருக்கும் என்பது என் ஊகம். சங்கீதங்களில் கணிசமான பங்கு புலம்பல் என்பதையும் நினைவில் வையுங்கள். பாடினார்கள் என்றதும் கைதட்டும் பாட்டைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

நம் பிரசங்கங்களில் அபூர்வமாகவே வருவது மறுநாள் காலை. அதிகாரிகள் ஆள் அனுப்பி ‘போகலாம்’ என்கிறார்கள். பவுல் நகர மறுக்கிறார். ரோமக் குடிகளான எங்களை விசாரிக்காமல் ஊரறிய அடித்தீர்களே, இப்போது இரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, நீங்களே வந்து வெளியே அழைத்துப்போங்கள் என்கிறார். அவர்கள் பயந்துபோய் நேரில் வந்து கெஞ்சுகிறார்கள். இதை வீம்பு என்று நான் நினைக்கவில்லை. பவுல் கிளம்பிப் போய்விடுவார், அங்கே புதிதாக விசுவாசிகளான லீதியாளும் சிறைக்காவலனும் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். அதிகாரிகளுக்கு அந்தப் பயம் இருந்தால் அவர்களுக்கு நல்லது. இரவில் பாடிய அதே வாய்தான் காலையில் உரிமை கேட்டது.

சென்னை, ஐடி ஊழியர்: பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தைச் ‘சந்தோஷத்தின் நிருபம்’ என்கிறார்கள். எனக்கோ ஆபீஸில் கிண்டல் செய்தாலே ராத்திரி தூக்கம் போய்விடுகிறது. விசுவாசம் குறைவோ?

நான்கே அதிகாரங்களில் சந்தோஷத்தைப் பற்றிய சொற்கள் 16 முறை வருகின்றன, உண்மை. அதே நிருபத்தில்தான், பிலிப்பி சபை தன்னிடம் அனுப்பிய எப்பாப்பிரோதீத்து செத்திருந்தால் தனக்குத் ‘துக்கத்தின்மேல் துக்கம்’ வந்திருக்கும் என்றும் எழுதுகிறார். 2 கொரிந்தியர் 1:8ல், ஆசியாவில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று ஒளிக்காமல் சொல்கிறார். தூக்கம் போனவர்கள் பட்டியலில் பவுலும் உண்டு. நீங்கள் நல்ல துணையோடுதான் இருக்கிறீர்கள்.

பவுல் சிறையிலிருந்து எழுதிய அந்தக் கடிதம் எதற்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். ரோமச் சிறை பெரும்பாலும் தண்டனை அனுபவிக்கும் இடமல்ல, விசாரணை வரை அடைத்துவைக்கும் இடம். சோற்றுக்கும் துணிக்கும் கைதி வெளியாட்களைத்தான் நம்பியிருக்க வேண்டும். பிலிப்பி சபை உதவியைச் சேர்த்து எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்து அனுப்பியது. அவர் வந்த இடத்தில் சாகக் கிடந்து பிழைத்தார். ‘நீங்கள் மறுபடியும் என்னைப்பற்றி அக்கறை கொண்டீர்கள், அதனால் மிகவும் சந்தோஷப்பட்டேன்’ என்கிற பொருளில் 4:10 வருகிறது. ‘எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’ என்று சுவரில் மாட்டுகிறோமே, அந்த வசனத்திலிருந்து ஆறு வசனம் தள்ளி. பவுலின் சந்தோஷம் கர்த்தருக்குள்தான். ஆனால் அது ஒரு மனிதன் கையில் மூட்டையாக வந்து சேர்ந்தது.

ஆகவே என் முதல் எச்சரிக்கை, இன்னும் பல தடவை சொல்வேன்: அடிபட்டுக் கிடப்பவரிடம் போய்ச் ‘சந்தோஷமாயிருங்கள்’ என்று வசனம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள்.

ஆபீஸ் கிண்டலைப் பற்றி: 1 பேதுரு 4:15ஐயும் ஒருமுறை படியுங்கள். அந்நிய காரியங்களில் தலையிட்டு வாங்கிக்கொள்ளும் அடியைப் பேதுரு பாடுகளில் சேர்க்கவில்லை. உங்கள் விஷயம் அப்படி என்று சொல்லவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

பெயர் போடாதவர்: பாடுகளில் சந்தோஷம் தரும் 10 வசனங்கள் ப்ளீஸ்.

மத்தேயு 5:11,12. அப்போஸ்தலர் 5:41. 1 பேதுரு 4:12-16. மூன்று போதும். அதிகாரங்களை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பேசலாம்.

நாகர்கோவில், ஞாயிறு பள்ளி ஆசிரியை: ஆதி சபையில் பெண்களின் அனுபவம் எதுவும் அவர்கள் வாயாலேயே கிடைக்கிறதா, ஐயா?

கிடைக்கிறது, அம்மா. நல்ல கேள்வி. கார்த்தேஜ் நகரம், இன்றைய துனீசியா. கி.பி. 203. பெர்பேத்துவா நல்ல குடும்பத்துப் பெண், வயது சுமார் 22, கையில் பால்குடிக் குழந்தை. சிறையில் அவள் தன் கையாலேயே எழுதிய குறிப்புகள் நம்மிடம் உள்ளன. கிறிஸ்தவப் பெண் ஒருத்தி எழுதியதாக நமக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று.

அவள் சந்தோஷத்தில் தொடங்கவில்லை. பயந்துபோனேன், இப்படி ஓர் இருட்டை நான் கண்டதில்லை, நெரிசலில் வெக்கை தாங்கவில்லை, குழந்தையை நினைத்துத் துடித்தேன் என்றுதான் எழுதுகிறாள். பிறகு சபையின் உதவிக்காரர்கள் இருவர், தெர்த்தியுவும் பொம்போனியுவும், காவலருக்குக் காசு கொடுத்துக் கைதிகளைச் சில மணிநேரம் சிறையின் நல்ல பகுதிக்கு மாற்றுகிறார்கள். அங்கே பசியில் வாடிய பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். சில நாளில் குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கிறது. அப்போதுதான், சிறை எனக்குத் திடீரென்று அரண்மனை ஆயிற்று, வேறெங்கும் இருக்க எனக்கு விருப்பமில்லை என்று எழுதுகிறாள். சிறை அரண்மனையானது தரிசனத்தால் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தரிசனங்கள் பின்னால் வருகின்றன. முதலில் வந்தது குழந்தை.

அவளோடு பெலிசித்தா என்ற அடிமைப் பெண். எட்டு மாதத்தில் சிறையிலேயே பிரசவம். வலியில் கத்தியபோது, இதற்கே இப்படியா, மிருகங்களுக்கு முன் என்ன செய்வாய் என்று காவல்காரன் ஒருவன் கேலி செய்தான். இப்போது படுவதை நான் படுகிறேன், அங்கே எனக்குள் இன்னொருவர் எனக்காகப் படுவார் என்றாள். இருவரும் மார்ச் 7ஆம் நாள் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது காட்டுப் பசு முட்டியதை விவரிக்க வேண்டாம். பால் கொடுத்ததைச் சொல்லுங்கள்.

தூத்துக்குடி: வாலிபர் கூட்டத்துக்குப் போஸ்டர். நீரோ மன்னன் கொலோசியத்தில் கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போடுவதும், மற்றவர்கள் கேட்டகோம்பில் ஒளிந்து வாழ்வதும். சரியா?

இரண்டும் தப்பு. நீரோ செத்தது 68ல். கொலோசியம் திறந்தது 80ல். கேட்டகோம்புகள் நிலத்தடிக் கல்லறைகள், குடியிருப்புகள் அல்ல.

குமரி மாவட்டம்: நம் மண்ணின் தேவசகாயம் பிள்ளையை விட்டுவிட்டு கார்த்தேஜுக்கு ஏன் போகிறீர்கள்?

என் காலப்பகுதி அது இல்லை என்பதால். சுருக்கமாகச் சொல்கிறேன். 1712ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியில் இருந்தவர். குடும்பத்தில் இழப்பு வந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னதாக மரபு. 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், பின்பு கைது, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அவமானம், 1752 ஜனவரி 14ல் காற்றாடி மலையில் சுட்டுக் கொலை. 2022 மே 15ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். யோபுவில் தொடங்கியவர் என்பது எனக்குப் பிடித்த விஷயம். மேலே வேண்டுமானால் கோட்டாறு மறைமாவட்டத்துக்காரர்களைக் கேளுங்கள்.

மதுரை: மிரட்டல் வந்ததும் ஒரு பாஸ்டர் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். சபையார் ‘கூலியாள்’ என்கிறார்கள். ஓடிப்போவது பாவமா?

பாவமில்லை. ‘மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள்’ என்று மத்தேயு 10:23ல் சொன்னவர் இயேசுவே. பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார். சிமிர்னாவின் முதிய பேராயர் பொலிகார்ப்பு ஒரு பண்ணை வீட்டுக்குப் போனார், தேடி வந்ததும் இன்னொன்றுக்கு மாறினார்.

அதே மதுரை நண்பர்: மன்னிக்கவும் ஐயா, பொலிகார்ப்பு கடைசியில் சாகத்தானே செய்தார்? ஓடாமல் நின்றவர்கள்தான் சாட்சிகள். தெர்த்துல்லியனே ஓடக்கூடாது என்று எழுதியிருக்கிறார்.

கார்த்தேஜ் எழுத்தாளர் தெர்த்துல்லியன் அப்படி எழுதினார், மொந்தானியர் என்ற கடுமையான தீர்க்கதரிசனக் குழுவின் பக்கம் சாய்ந்த பிறகு. சபை அதை ஏற்கவில்லை. பொலிகார்ப்புவின் சாவைச் சொல்லும் அதே ஆவணத்தில் குயிந்து என்று ஒருவன் வருகிறான். தானே முன்வந்து சரணடைந்தவன், மற்றவர்களையும் தூண்டிவிட்டவன். மிருகங்களைக் கண்டதும் நடுங்கிப்போய், ரோமர் கேட்டபடி தெய்வங்களுக்குப் பலி செலுத்திவிட்டான். தாங்களே போய் ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் புகழ்வதில்லை, சுவிசேஷம் அப்படிப் போதிக்கவில்லை என்று அங்கேயே எழுதிவைத்திருக்கிறார்கள். பொலிகார்ப்புவோ பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணிநேரம் கேட்டு வாங்கி, இரண்டு மணிநேரம் நின்றார்.

திருச்சி, இடையில் புகுந்தவர்: அந்தியோகியா பேராயர் இக்னாசியு ரோமருக்கு எழுதியதில், மிருகங்களுக்கு இரையாக என்னை விட்டுவிடுங்கள், தடுக்காதீர்கள் என்கிறாரே. அது தானாகத் தேடிப்போவது இல்லையா?

இல்லை. அவர் ஏற்கெனவே கைதி. பத்துப் படைவீரர் காவலில் ரோமுக்குப் போகும் வழியில் எழுதியது அது. பிடிபட்டவன் பேசுவது வேறு, வீட்டில் இருப்பவன் பேசுவது வேறு. ஒரிகன் கதை தெரியுமா? 202ல் அவர் தகப்பனார் லெயோனிதாஸ் அலெக்சாந்திரியாவில் சிறைப்பட்டார். பதினேழு வயதுகூட ஆகாத பையன், நானும் போய்ச் சாகிறேன் என்று துள்ளினான். கெஞ்சிப் பார்த்த தாய், கடைசியில் அவன் உடுப்பையெல்லாம் ஒளித்துவைத்துவிட்டாள். அம்மணமாக எப்படிப் போவது? வீட்டிலேயே இருந்தான். திருச்சபைக்கு ஒரு மாபெரும் வேத அறிஞர் கிடைத்தது அந்த அம்மாள் செய்த காரியத்தால். அதே ஒரிகன் முதுமையில், ரோமப் பேரரசன் டேசியஸ் காலத்தில், சிறையில் சித்திரவதைப்பட்டும் மறுதலிக்கவில்லை.

மதுரை நண்பர்: ஆனால் மேய்ப்பன் விஷயம் வேறு ஐயா. விசுவாசி ஓடலாம். ஆடுகளை விட்டு மேய்ப்பன் ஓடலாமா?

இது உங்கள் முதல் வாதத்தைவிட நல்ல வாதம். கார்த்தேஜ் பேராயர் சிப்ரியானிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். 250ல், அதே டேசியஸ் காலத்தில், அவர் ஒளிந்துகொண்டபோது ரோமிலிருந்த குருமார் இந்தக் ‘கூலியாள்’ குத்தலைத்தான் குத்தினார்கள். ஒளிவிடத்திலிருந்து அவர் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார், சிறைப்பட்டவர்களுக்கும் ஏழைகளுக்கும் பணம் போகிறதா என்று கணக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். எட்டாண்டு கழித்து மறுபடி ஆள் வந்தது. பக்கத்து நகரமான ஊத்திக்காவுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் திரும்பவும் ஒளிந்தார். காரணம், பேராயர் தன் சொந்த ஊரில், தன் ஜனத்தின் நடுவில் சாட்சி சொல்ல வேண்டும் என்பது. ஆளுநர் கார்த்தேஜுக்குத் திரும்பியதும் வெளியே வந்தார். தீர்ப்பைக் கேட்டு ‘தேவனுக்கு ஸ்தோத்திரம்’ என்றார். வெட்டுகிறவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார். 258 செப்டம்பர் 14.

உங்கள் பாஸ்டர் போன இடத்திலிருந்து போன் செய்கிறாரா, சபையில் பசித்திருப்பவரை விசாரிக்கிறாரா என்று பாருங்கள். கூலியாளா மேய்ப்பனா என்பது அதில் தெரியும். இந்த வாதத்தை இத்துடன் நிறுத்துகிறேன். கேள்விகள் குவிந்துவிட்டன.

கோவை: உபத்திரவத்தில் எப்படிச் சந்தோஷமாக இருப்பது?

சென்னை நண்பருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

வேலூர்: பாடுகளின் மத்தியில் மகிழ்ச்சி அடைவது எப்படி, ஐயா?

மேலே இருக்கிறது.

சேலம்: வீட்டு ஜெபக்கூட்டத்தை நிறுத்தச் சொல்கிறார்கள். சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு நிறுத்திவிடவா?

ஏன் நிறுத்த வேண்டும்? அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவோடு ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள். பிலிப்பியில் அந்தக் காலையில் பவுல் செய்ததும் இதுதான்.

ஈரோடு: உபத்திரவம் வந்தால்தான் சபை வளரும். அது வர ஜெபிக்கலாமா?

கூடாது. கிறிஸ்தவர்களின் இரத்தம் விதை என்று தெர்த்துல்லியன் சொன்ன கார்த்தேஜில், அந்தப் பழைய சபை பிற்பாடு இல்லாமலேயே போனது. ஜப்பானில் 1614 தடைக்குப் பிறகு சபை தலைமறைவாகி, 1865ல் நாகசாகியில் மீண்டும் வெளிப்பட இரண்டரை நூற்றாண்டு ஆனது. அவர்கள் நிலைத்தது அதிசயம்தான், வளர்ச்சி அல்ல. கலகமில்லாமல் அமைதலாய் வாழ ஜெபிக்கச் சொல்கிறது 1 தீமோத்தேயு 2:2.

தூத்துக்குடி: கொலோசியம் வேண்டாம் சரி, சிங்கம் மட்டும் போடலாமா?

தம்பி, போஸ்டரில் கூட்டம் நடக்கும் நேரத்தைப் போடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: வீட்டார் அடித்தபோது பயத்தில் ‘இயேசு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் பாடுகளில் சந்தோஷப்பட்டதாகப் படிக்கும்போது எனக்கு அழுகைதான் வருகிறது. எனக்கு இடமிருக்கிறதா?

இருக்கிறது, சகோதரி. முதலில் அடி விழாத இடத்துக்குப் போங்கள். நீங்கள் நம்பும் ஒரு மூத்த பெண்ணிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

250ல் டேசியஸ், தெய்வங்களுக்குப் பலியிட்டதாக எல்லாரும் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். அந்தச் சீட்டுகள் சில எகிப்தின் மணலில் இன்றும் கிடைத்திருக்கின்றன. கார்த்தேஜில் ஏராளமான கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள், அல்லது காசு கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள். புயல் ஓய்ந்ததும் சபை வாசலில் வந்து அழுதார்கள். இவர்களுக்குச் சபையில் இனி மன்னிப்பே இல்லை என்றார் ரோமில் நோவாத்தியன் என்ற குரு. அவர் வழியைச் சபை தள்ளிவிட்டது. சீட்டு மட்டும் வாங்கியவர்களை விசாரித்துச் சேர்த்தார்கள், பலியிட்டவர்களுக்கு நீண்ட தவக்காலம் வைத்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் இன்னோர் உபத்திரவம் நெருங்குவதுபோல் தெரிந்ததும், அந்தக் காலம் முடியக் காத்திராமல் அவர்களையும் திருவிருந்துப் பந்திக்கு அழைத்தார்கள். நிராயுதபாணிகளாக அவர்களைப் போருக்கு அனுப்ப முடியாது என்று சிப்ரியானும் உடனிருந்த பேராயர்களும் எழுதினார்கள்.