அம்மாவின் சுங்குடிச் சேலைகள் – கடிதம்

அன்புள்ள அம்மையீர்,

நான் பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். துண்டுத் துணிகளை இணைத்துக் குவில்ட் என்ற போர்வை தைக்கும் தோழிகள் ஒன்பது பேர், ஆண்டுக்கு இருமுறை ஒரு விடுதியை வாடகைக்கு எடுத்து வெள்ளி முதல் ஞாயிறு வரை தங்கித் தைப்போம். இங்கே அதை ரிட்ரீட் என்பார்கள். சனிக்கிழமை இரவு ஒவ்வொருவரும் தாம் தைத்ததை விரித்துக் காட்டி நாலு வார்த்தை பேசுவது வழக்கம். சென்ற அக்டோபரில், மறைந்த என் அம்மாவின் ஆறு சுங்குடிச் சேலைகளை வெட்டித் தைத்த குவில்ட்டைக் கொண்டுபோயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தோழி காட்டிய, பெரிய நட்சத்திர வடிவிலான லோன் ஸ்டார் குவில்ட்டில் நூற்றுக்கணக்கான சாய்சதுரத் துண்டுகள் முனை பிசகாமல் கூடியிருந்தன. என் முறை வந்ததும், "பழைய சேலைதான், முனைகள் சரியாகப் பொருந்தவில்லை" என்று சொல்லி, பாதி விரித்ததை மடித்துவிட்டேன். பழைய முறைப்படி எளிமையாக வாழும் ஆமிஷ் கிறித்தவப் பெண்கள் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்துத்தான் தைப்பார்கள் என்று ஒரு தோழி ஆறுதல் சொன்னார். அது உண்மையா? நம் கையால் செய்ததை நாமே காட்டுவது தற்பெருமை என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். ஏப்ரலில் மீண்டும் கூடுகிறோம். அதே குவில்ட்டை மறுபடி கொண்டுபோகலாமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொண்டுபோங்கள். அந்தக் குவில்ட்டை உங்கள் தோழிகள் இன்னும் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது அதன் ஒரு பாதியையும் அதைப் பற்றிய ஒரு மன்னிப்பையும்தான்.

ஆமிஷ் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். கடவுள் ஒருவரே பிழையற்றவர் என்பதால் ஒவ்வொரு குவில்ட்டிலும் ஒரு கட்டத்தை வேண்டுமென்றே மாற்றித் தைப்பார்கள் என்ற பேச்சு அமெரிக்கா முழுவதும் உலவுகிறது. குவில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அதற்கு ஆதாரம் இல்லை என்றே சொல்கிறார்கள். பிழையை நானாக வைக்காவிட்டால் என் வேலை குறையற்றதாகிவிடும் என்று ஒருவர் நினைப்பதில் பணிவு எங்கே இருக்கிறது என்பது எனக்கு இதுவரை விளங்கவில்லை. உங்கள் தோழி அன்பினால் சொன்னார். அந்த அன்பை எடுத்துக்கொள்ளுங்கள், கதையை விட்டுவிடுங்கள்.

முனைகள் பொருந்தாததற்குக் காரணம் உங்கள் கைத்திறமைக் குறைவு என்று நீங்கள் நம்புவது கடிதத்தில் தெரிகிறது. நான் அப்படி நினைக்கவில்லை. குவில்ட் தையலில் துணி விளிம்பிலிருந்து தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம், அதாவது நம் ஊர்த் தச்சர் கணக்கில் இரண்டு நூல். அதில் அரை நூல் கூடுதலாகப் பிடித்துவிட்டால், சேரும் இரண்டு துண்டுகளிலும் அரையரை நூல் போய், ஒரு தையலுக்கு ஒரு நூல் குறைகிறது. வரிசையில் எட்டுத் தையல் இருந்தால் ஓர் அங்குலமே காணாமல் போகும். கடையில் வாங்கும் குவில்ட் துணி நெருக்கமான நெசவு, வெட்டினால் வெட்டிய இடத்தில் நிற்கும். இருபது ஆண்டுகள் துவைத்து உடுத்திய சுங்குடிச் சேலையோ கத்தரிக்கோல் பட்டதுமே நெளியும். மூலைவாட்டில் வெட்டினால் இழுத்த பக்கமெல்லாம் வரும். லோன் ஸ்டார் தைத்த உங்கள் தோழியிடம் இந்தத் துணியைக் கொடுத்திருந்தால் அவரும் திணறியிருப்பார். அவரிடமே கேட்டுப் பாருங்கள். சாய்ந்த விளிம்பை இழுபடாமல் தைப்பது எவ்வளவு பாடு என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

இனித் தற்பெருமை பற்றி. மார்கழியில் வாசலில் கோலம் போடும் பெண், போட்டு முடித்ததும் அதை மூடி வைப்பதில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்று எதிர்வீட்டுக்காரி கேட்கிறாள். அடுத்த நாள் அதே கோலம் இரண்டு புள்ளி கூடி எதிர்வீட்டு வாசலில் இருக்கிறது. இதை யாரும் தற்பெருமை என்று சொல்லி நான் கேட்டதில்லை. கைவேலை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போவது கண் வழியாகத்தான்.

நீங்கள் இருக்கும் நாட்டில் இதற்கு மிகப் பெரிய சான்று அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஊர். மூன்று பக்கமும் அலபாமா ஆறு வளைந்து ஓட, நடுவில் ஒதுங்கிக் கிடக்கும் அந்த ஊரில், பருத்திப் பண்ணையில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள் வாழ்கிறார்கள். குளிர் புகும் மரவீடுகளில் பிள்ளைகளைப் போர்த்துவதற்காகப் பெண்கள் கிழிந்த வேலையுடைகளையும் மாவுச் சாக்குகளையும் வெட்டிக் குவில்ட் தைத்தார்கள். வசந்தம் வந்ததும் அவற்றைக் கொடியில் காயப்போடுவார்கள். ஒரு வீட்டுக் கொடியைப் பார்த்துக்கொண்டே அடுத்த வீட்டுக்காரி நடந்து போவாள்; வண்ணங்கள் சேர்ந்திருக்கும் விதத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு, தன் வீட்டில் அதைத் தன் போக்கில் மாற்றித் தைப்பாள். அந்தக் கொடிகள்தாம் அவர்களுடைய கண்காட்சி. 1962இல், கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்கத் தொடங்கிய காலத்தில், ஆற்றைக் கடக்கும் படகு நிறுத்தப்பட்டது. அது மறுபடி ஓடியது 2006இல்தான். இடையில் 1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கி, தங்கள் தையலை விற்றார்கள். 2002இல் அந்தக் குவில்ட்டுகள் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரேறின.

அவற்றுள் ஒன்றை உங்களுக்காகவே நினைத்துக்கொண்டேன். மிசூரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்த பிறகு, 1942இல் அவருடைய வேலையுடைகளைக் கிழித்து ஒரு குவில்ட் தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தாயார் அதைத் தைத்தார் என்று அவருடைய மகள் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஊரின் வேலையுடைக் குவில்ட்டுகளை அருகில் வைத்துப் பார்த்தால், வெயிலிலும் துவைப்பிலும் வெளுத்த நீலத்தின் நடுவே ஒரு சிறு சதுரம் மட்டும் அடர்நீலமாக இருக்கும். அங்கே ஒரு பை தைத்திருந்தது. அதைப் பிரித்தெடுத்த பிறகு, வெயில் படாத அந்த இடம் மட்டும் பழைய நிறத்தோடு நின்றுவிட்டது. முழங்கால் தேய்ந்த துண்டுகளும் தேய்ந்தபடியே இருக்கும். அந்தப் பெண்கள் அவற்றை ஒதுக்கவில்லை, மறைக்கவும் இல்லை. அவற்றின் கோடுகள் நேராக ஓடுவதில்லை, முனைகள் எல்லா இடத்திலும் கூடுவதுமில்லை. அவற்றின் முன்னால் நின்ற யாரும் அதைக் குறையாகப் பேசியதாக நான் அறியேன்.

உங்கள் அம்மாவின் சேலைகளிலும் இப்படி ஏதேனும் இருக்கும். தோள்பட்டையில் இளைத்த இடம், கொசுவத்தின் உள்மடிப்பில் வெளுக்காமல் தப்பிய நிறம், அம்மாவே முன்பு இழையோட்டித் தைத்த ஒரு கிழிசல். முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த சுங்குடியாக இருந்தால், ஒரு புள்ளியைப் போல் மற்றொரு புள்ளி இருக்காது. ஏப்ரலில் உங்கள் முறை வரும்போது முனைகளைப் பற்றி ஒரு சொல்லும் பேச வேண்டாம். அவை எல்லோர் கண்ணிலும் படும், பட்டால் படட்டும். எந்தச் சேலையை அம்மா எப்போது உடுத்தினார், எந்தத் துண்டை வெட்டும்போது கை தயங்கியது என்று சொல்லுங்கள். அது உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, துணியைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, அனுபவத்தில் கண்டது. உங்கள் குவில்ட்டை நீங்களே தூக்கிப் பிடிக்காதீர்கள். பிடித்திருப்பவர் துணிக்குப் பின்னால் மறைந்துவிடுவார்; மேலே பத்து விரல் நுனியும் கீழே இரண்டு பாதமும்தான் வெளியே தெரியும். இரண்டு தோழிகளிடம் மேல் முனைகளைக் கொடுத்துவிட்டு, நீங்கள் பக்கத்தில் வந்து நில்லுங்கள். அப்போதுதான் பார்க்கிறவர்களின் முகத்தை நீங்கள் பார்க்க முடியும். நான் முதன்முறை அப்படி நின்றபோது, யாரோ எழுந்து வந்து, தொடலாமா என்று கேட்டு, ஒரு தையல்வரியின் மேல் விரலை ஓட்டினார். அதற்குப் பிறகு என் பிழைகளை வரிசையாகச் சொல்லும் பழக்கம் என்னிடமிருந்து போய்விட்டது. பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லி நிச்சயம் கேட்பார்கள். தயங்காமல் காட்டுங்கள், தைக்கிறவர்களுக்கு அந்தப் பக்கம்தான் அதிகம் பிடிக்கும்.

ஏப்ரலுக்கு முன் பின்பக்க மூலையில் ஒரு சிறு வெள்ளைத் துணி வைத்துத் தைத்து, துணியில் அழியாத மையினால் அம்மாவின் பெயரையும் உங்கள் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். பழைய குவில்ட்டுகள் எத்தனையோ, தைத்தவர் பெயர் தெரியாமல் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சேலைத் துணி மிச்சம் இருப்பதாக இருந்தால், அடுத்த முறை வெட்டுவதற்கு முன் கெட்டியாகக் கஞ்சி போட்டு, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போவதற்குள் இஸ்திரி போட்டுவிடுங்கள். தேய்க்கும்போது பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். துணி காகிதம் போல் நிற்கும், முனைகளும் கூடும். தைத்து முடித்தபின் ஒருமுறை துவைத்தால் கஞ்சி போய்ப் பழையபடி சேலையின் மென்மை வந்துவிடும்.

அன்புடன்.