பிரிண்டர் ஹெட் போய்விட்டதா, காய்ந்துவிட்டதா? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து பிரிண்டரை என்ன பாடுபடுத்தும் என்பது அந்தக் கடிதங்களைப் படித்தாலே தெரிகிறது. அதனால் இந்த இதழில் அவர்களுக்கு மட்டும் பதில்.

மண்டபத்தில் ஐஸ் கடை வைத்திருக்கிறோம். பில் போட எப்சன் எல்3210 இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் கடையை மூடியதால் அதைத் தொடவே இல்லை. ஜூனில் திறந்தபோது கறுப்பு சுத்தமாக வரவில்லை, மஞ்சள் கோடு கோடாக வந்தது. எட்டு முறை ஹெட் கிளீனிங் கொடுத்தும் பயனில்லை. "ஹெட் போயிருச்சு, புதுசு வாங்குறது மேல்" என்கிறார் மெக்கானிக். வாங்கிவிடலாமா?

இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஒன்பதாவது கிளீனிங்கும் கொடுக்க வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அத்தனை நாள் சும்மா கிடந்தால், மையைத் தாளில் தெளிக்கும் ஹெட்டின் நுண்துளைகளில், அதாவது நாசில் வாயில், மை காயத்தான் செய்யும். காய்ந்த மை ஊறி இளகுவதற்கு நேரம் வேண்டும். கிளீனிங் என்பது கீழே இருக்கும் பம்ப் மையை உறிஞ்சி இழுக்கும் வேலை. அடுத்தடுத்து இழுத்தால் அடைப்பு இளகாது, மை கழிவுப் பஞ்சுக்குப் போய்ச் சேரும். சில சமயம் காற்றும் உள்ளே ஏறி, அதுவரை நன்றாக இருந்த நிறமும் கெடும்.

முதலில் நாசில் செக் தாளை, அதாவது எந்த நாசில் அடைத்திருக்கிறது என்று கோடுகளால் காட்டும் சோதனைத் தாளை, மூன்று முறை எடுத்து அருகருகே வையுங்கள். விடுபட்ட கோடுகள் தாளுக்குத் தாள் இடம் மாறினால் உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறது. மூன்றிலும் அதே கோடுகளே விடுபட்டிருந்தால் மை காய்ந்த அடைப்பு. ஒரு நிறம் முழுவதுமாகக் காணோம் என்றால், பெரும்பாலும் மை ஹெட் வரை வந்து சேரவில்லை என்று பொருள். ஒரு நிறத்தின் அத்தனை நாசிலும் ஒரே நேரத்தில் செத்துப்போவது அரிது. உங்கள் கறுப்பு இந்த வகை, மஞ்சள் காய்ந்த வகை என்று தோன்றுகிறது.

பிரிண்டரை அதன் பட்டனிலேயே அணைத்து 12 மணி நேரம் விடுங்கள். பிறகு ஒரு நாசில் செக். தேவைப்பட்டால் ஒரு கிளீனிங். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் போக வேண்டாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் கேப்பைப் பாருங்கள். வலது ஓரத்தில் ஹெட் வந்து உட்காரும் இடத்தில் ரப்பர் விளிம்பு கட்டிய சின்னப் பஞ்சு இருக்கும், அதுதான் கேப். விளிம்பில் மை பொருக்குத் தட்டியிருந்தால் ஹெட்டோடு இறுக்கமாக ஒட்டாது. ஒட்டாத இடத்தில் பம்ப் எத்தனை முறை இழுத்தாலும் காற்றுதான் வரும். பிரிண்டரை ஆன் செய்து, ஹெட் நடுவுக்கு நகரும்போது வயரைப் பிடுங்கினால் கையால் தள்ளலாம். ஊசி கழற்றிய சிரிஞ்சில் டிஸ்டில்டு வாட்டர் எடுத்துப் பஞ்சின் மேல் ஐந்தாறு சொட்டு விட்டு, பத்து நிமிடம் ஊற விடுங்கள். ஈரமான பட்ஸால் ரப்பர் விளிம்பைச் சுற்றித் துடைத்து, ஹெட்டை மறுபடி வலது ஓரத்துக்குத் தள்ளி வையுங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. உங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்தால் அந்த உப்பே நாசிலை அடைக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கிறார்களே, அந்த டிஸ்டில்டு வாட்டர் போதும். ஆனால் பேட்டரிக்கு ஊற்றி மிச்சம் வைத்த பாட்டில் வேண்டாம், சீல் பிரிக்காததாக வாங்குங்கள்.

கடைசி வழி பவர் கிளீனிங், குழாயில் உள்ள மையையே இழுத்து மாற்றும் பெரிய கிளீனிங். கம்ப்யூட்டரில் பிரிண்டரின் மெயின்டனன்ஸ் பக்கத்தில் இருக்கும். நான்கு டேங்கிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மை இருக்க வேண்டும். குறைவாக இருக்கும்போது கொடுத்தால் குழாயெல்லாம் காற்றாகிவிடும். ஒன்று கொடுத்துப் பலன் இல்லையென்றால் 12 மணி நேரம் விட்டுத்தான் அடுத்தது. இதையெல்லாம் செய்த பிறகும் கறுப்பு வரவில்லை என்றால் மெக்கானிக் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளலாம். அவர் ஹெட்டுக்குள் சிரிஞ்சை வைத்து அழுத்தித் தள்ளப் பார்த்தால் மட்டும் தடுங்கள். அந்த அழுத்தத்தில் உள்ளிருக்கும் மெல்லிய அடுக்குகள் பிரிந்து, மை மின்சுற்றில் இறங்கிவிடும்.

அடுத்த தடைக்காலத்தில் வாரம் ஒரு நாசில் செக் தாள் எடுங்கள். அதற்காக மட்டும் கடையைத் திறக்க வேண்டியிருக்கிறதே என்றால் பிரிண்டரை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள், சாய்க்காமல். எடுத்து முடித்ததும் பட்டனில் அணைத்து, விளக்கு நின்ற பிறகுதான் சுவர் ஸ்விட்சைத் தொட வேண்டும். பாதியில் சுவர் ஸ்விட்சை அணைத்தால் ஹெட் கேப்பில் போய் உட்காராமல் வெளியே திறந்து கிடக்கும்.

பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கிறோம். ஆதார், படகுப் பதிவு நகல்களை வீட்டு பிரிண்டரில் எடுத்துப் படகில் வைப்போம். ஒரு நாள் ஈரம் பட்டாலே எழுத்து கரைந்து போகிறது. ஜெராக்ஸ் கடை நகல் கரைவதில்லையே, ஏன்?

ஜெராக்ஸ் கடையில் இருப்பது டோனர் தூள். சூட்டில் உருகித் தாளில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. வீட்டு பிரிண்டரில் மை, அதிலும் இரண்டு சாதி. டை மை சாயம் மாதிரி தண்ணீரில் முழுக்கக் கரைந்த நிறம், ஈரம் பட்டால் மறுபடி கரையும். பிக்மென்ட் மையில் நிறம் நுண்ணிய துகளாக இருந்து தாளின் மேல் படிந்து நிற்கும்.

எப்சன் 003 மை கறுப்பு உட்பட டை வகை. கேனான் ஜி2010, ஜி3010 பிரிண்டர்களின் ஜிஐ-790 கறுப்பும், எச்பி ஸ்மார்ட் டேங்கின் ஜிடி53 கறுப்பும் பிக்மென்ட். ஆனால் இவற்றிலும் கலர் பாட்டில்கள் டைதான். ஆகவே கலர் நகல் எடுத்தால் ஆதாரில் உள்ள முகம் கரையும், பெயர் நிற்கும்! கறுப்பு நகல் பட்டனையே அழுத்துங்கள். பேப்பர் வகையில் பிளெய்ன் பேப்பர் இருக்க வேண்டும். போட்டோ பேப்பர் என்று வைத்தால் பிக்மென்ட் கறுப்பை விட்டுவிட்டு மூன்று கலரையும் கலந்து கறுப்பாக்கிவிடும்.

எந்த மையானாலும் கடலுக்குப் போகும் தாளை லேமினேட் செய்துவிடுவதே நல்லது. அச்சடித்த கையோடு செய்யாமல் சில மணி நேரம் காய விடுங்கள். தாளைச் சுற்றி அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் விளிம்பு கட்டாயம் இருக்கட்டும். அழகாக இருக்கட்டும் என்று தாளை ஒட்டி வெட்டினால், வெட்டிய வழியாகவே உப்புத் தண்ணீர் ஏறும்.

தொண்டியிலிருந்து: கேனான் ஜி3010-ல் பி07 என்று வந்து நின்றுவிட்டது. கம்ப்யூட்டரில் 5பி00 என்று காட்டுகிறது. ஒருவர் ரீசெட் செய்து தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?

ஒவ்வொரு கிளீனிங்கிலும் வெளியேறும் மை, அடியில் இருக்கும் பஞ்சில் போய்ச் சேருகிறது. அது எவ்வளவு என்று பிரிண்டர் கணக்கு வைத்துக்கொண்டே வந்து, பஞ்சு நிறைந்துவிட்டது என்று தோன்றும்போது வேலையை நிறுத்துகிறது. முன்பே ஈ08 என்று எச்சரித்திருக்கும். ஏதோ பட்டனை அழுத்தி வேலையைத் தொடர்ந்திருப்பீர்கள்.

ரீசெட் என்பது அந்தக் கணக்கை மட்டும் பூஜ்யமாக்குவது. பஞ்சு அப்படியே ஈரத்தில் ஊறிக் கிடக்கும். பஞ்சை மாற்றிவிட்டு ரீசெட் செய்வாரா என்று கேளுங்கள். மாற்றுவேன் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், கழற்றிய பழைய பஞ்சைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். இல்லையென்றால் சில மாதத்தில் மேஜையில் மை ஒழுகும். அடுத்து வாங்கும்போது கழிவு மை பெட்டியை நாமே மாற்றிக்கொள்ளும் மாடலாகப் பாருங்கள். கேனானிலேயே ஜி3020-ல் அந்த வசதி உண்டு.

தங்கச்சிமடம்: ஐப்பசி, கார்த்திகை வந்தாலே தாள் சிக்குகிறது, அல்லது இரண்டு இரண்டாக இழுக்கிறது. ரோலரை மாற்ற வேண்டுமா?

மழைக்காலத்தில் மட்டும் வரும் நோய் என்றால் ரோலர் மேல் பழி போடாதீர்கள். தாள் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. பிரிண்டருக்கு 80 சதவீத ஈரப்பதம் வரைதான் தாங்கும் என்று எப்சன் கையேடே சொல்கிறது. அடைமழை நாளில் உங்கள் ராமேஸ்வரம் தீவில் அது சாதாரணமாகத் தாண்டும்.

500 தாள் கட்டின் உறையை முழுக்கக் கிழிக்க வேண்டாம். அந்த உறை ஈரம் புகாதபடி செய்தது. ஒரு ஓரம் மட்டும் திறந்து, அன்றைக்கு வேண்டிய 20, 30 தாளை எடுத்துவிட்டு, கட்டை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். வேலை முடிந்ததும் டிரேயில் மிச்சத் தாளை விட்டுவைக்காதீர்கள். ஈரத் தாளை வெயிலில் காயவைத்தால் சுருண்டுவிடும். 70 ஜிஎஸ்எம் விட்டு, சற்றுத் தடித்த 80 ஜிஎஸ்எம் தாளுக்கு மாறினாலும் சிக்கல் குறையும்.

கோடையிலும் இதே கதைதான் என்றால் ரோலர் வழுக்குகிறது. ஈரத் துணியால் ரப்பரைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். பின்பக்க டிரே வழியாக டார்ச் அடித்தும் பாருங்கள். ஹேர்பின், பென்சில், சில வீடுகளில் பல்லி!

ராமேஸ்வரம்: ஆன் செய்ததும் ஹெட் போய் ஓரத்தில் டக் டக்கென்று இடித்து நின்றுவிடுகிறது.

ஹெட்டுக்குப் பின்னால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகம் அகலத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டை ஓடும். அதில் அச்சிட்ட நுண்ணிய கோடுகளை எண்ணித்தான் ஹெட் தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் தூசியும், அதன் மேல் உப்பும் படிந்தால் எண்ணிக்கை தப்பும், ஹெட் இடிக்கும். வயரைப் பிடுங்கிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் பட்டையை நீளவாக்கில் மெதுவாகத் துடையுங்கள். ஓரத்துக் கொக்கியிலிருந்து கழற்ற வேண்டாம். தின்னர், ஸ்பிரிட் பட்டால் கோடே அழியும். "வழுவழுன்னு ஓடட்டும்" என்று தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ ஹெட் ஓடும் தண்டில் விடுவதும் வேண்டாம். அது பட்டையில் தெறித்தால் இதே கோளாறு திரும்ப வரும்.

ஏர்வாடி: கரண்ட் போய் வந்தால் வைஃபை பிரிண்டர் ஆஃப்லைன் என்கிறது.

மோடம் அணைந்து எழும்போது பிரிண்டருக்கு வேறு ஐபி எண், அதாவது வைஃபையில் அதன் முகவரி, கொடுத்துவிடுகிறது. கம்ப்யூட்டர் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கிறது. மோடத்தின் அமைப்பில் அந்த பிரிண்டருக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்குங்கள். மோடத்தை முதலில் ஆன் செய்து, இரண்டு நிமிடம் கழித்து பிரிண்டரை ஆன் செய்வதும் உதவும். வீட்டு பிரிண்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும், 5-ல் தேடாதீர்கள்.

கீழக்கரை: மச்சான் துபாயிலிருந்து எச்பி கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் கொண்டுவருகிறேன் என்கிறார். இங்கே ஓடுமா?

கரண்ட் விஷயத்தில் தொல்லை இல்லை, அங்கும் 50 ஹெர்ட்ஸ், 230 வோல்ட்தான். பிளக்கின் மூன்று செவ்வகக் கால்களுக்கு மட்டும் ஒரு அடாப்டர் வேண்டும். கார்ட்ரிட்ஜில்தான் வம்பு. எச்பி கார்ட்ரிட்ஜ்கள் வட்டாரவாரியாக விற்கப்படுகின்றன, அங்குள்ள எண் இங்கே கடையில் கிடைக்காமல் போகலாம், கிடைத்ததை பிரிண்டர் ஏற்காமலும் போகலாம். கார்ட்ரிட்ஜ் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, ராமநாதபுரத்தில் விசாரித்துவிட்டு "கொண்டு வாங்க" என்று சொல்லுங்கள். இங்கே கிடைக்காத எண் என்றால், மச்சானின் பெட்டியில் அந்த இடத்துக்கு வேறு ஏதாவது வரட்டும்.