முட்டித் தேய்மானத்துக்கு ஆஸ்டியோபதி உதவுமா? உடற்பயிற்சி செய்தால் மூட்டு இன்னும் தேய்ந்துவிடாதா?

58 வயது அம்மாவுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். எக்ஸ்ரே எடுத்த இடத்தில் "சவ்வு தேய்ஞ்சு எலும்பும் எலும்பும் உரசுது" என்று சொன்னதிலிருந்து அவர் மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஆஸ்டியோபதியை (தசையையும் மூட்டையும் கையால் பிடித்துச் செய்கிற சிகிச்சை) விட அந்தப் பயம்தான் பெரிய விஷயமாகத் தெரிகிறது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அளவாகச் செய்கிற உடற்பயிற்சியால் முட்டி கூடுதலாகத் தேயாது. அவர்கள் சவ்வு என்று சொன்ன குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது, மூட்டுக்குள் இருக்கிற திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும், அது நடப்பதே காலை மடக்கி நீட்டி, பாரம் ஏற்றி இறக்கும்போதுதான். வலிக்குதே என்று உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை மெலியும், தசை மெலிந்தால் அது தாங்க வேண்டிய பாரமும் மூட்டின் தலையில் விழும், வலி கூடும், இன்னும் கொஞ்சம் உட்காருவோம். அம்மா இப்போது இந்தச் சுற்றில்தான் இருக்கிறார்.

நான் இருப்பது லண்டனில், ஹாரோ பக்கம். நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை, வலது முட்டியில் தேய்மானம். பிரிட்டனில் ஆஸ்டியோபதிக்கு 1993-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, பதிவு இல்லாதவர் ஆஸ்டியோபாத் என்று போர்டு வைக்க முடியாது. அமெரிக்காவில் கதை வேறு, அங்கே ஆஸ்டியோபதி படித்தவர் மருந்து எழுதுகிற, ஆபரேஷன் செய்கிற முழு டாக்டர். இங்கே கையால் செய்கிற சிகிச்சையும் பயிற்சியும் மட்டும்தான், பெரும்பாலும் கைக்காசு போட்டுத்தான் போக வேண்டும்.

போனால் முட்டியைப் பிடித்து 'மடக்'கென்று திருப்புவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஆஸ்டியோபாத்திடம் போனபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. முதலில் ரொம்ப நேரம் கேள்விதான், அப்புறம் நிற்கச் சொல்லி, நடக்கச் சொல்லி, ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்த்தார். படுக்க வைத்து முட்டிச் சில்லை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தினார். இடது காலில் சுலபமாக நழுவியது, வலதில் அசையவே யோசித்தது. கடைசியில் அவர் அதிக நேரம் வேலை செய்தது முட்டியில் இல்லை, இறுகிக் கிடந்த கெண்டைக்காலிலும் தொடையின் பின்பக்கத்திலும் இடுப்பு மூட்டிலும். எழுந்து நடந்தபோது கால் லேசாக இருந்தது உண்மை. அந்த லேசு ஓரிரு நாள் நிற்கும், அவ்வளவுதான். கையால் தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்க முடியாது, அப்படிச் சொல்கிறவரிடம் அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள்.

ஆனால் அந்த ஓரிரு நாள் லேசு ரொம்பப் பெரிய விஷயம், ஏனென்றால் வலி குறைந்திருக்கிற அந்த நேரத்தில்தான் தசைக்கு வேலை கொடுக்க முடியும். பிரிட்டனில் டாக்டர்கள் பின்பற்றுகிற நைஸ் வழிகாட்டுதல் 2022-இல் சொல்வதும் இதைத்தான்: மூட்டுத் தேய்மானம் உள்ள எல்லாருக்கும் உடற்பயிற்சி, கையால் செய்கிற சிகிச்சை முட்டிக்கும் இடுப்புக்கும் மட்டும், அதுவும் உடற்பயிற்சியோடு சேர்த்து. படுக்க வைத்துத் தேய்த்துவிட்டு, வீட்டில் செய்ய ஒன்றும் சொல்லித் தராமல் அடுத்த வாரம் வாங்க என்று அனுப்புகிறவர் எத்தனை கைராசிக்காரராக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

நான் தொடங்கியது இப்படி. காலை நீட்டிப் படுத்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, துண்டை நசுக்குகிற மாதிரி தொடையை இறுக்கி ஐந்து எண்ணி விடுவது. அது பழகியதும் காலை மடக்காமல் ஒரு சாண் தூக்கி நிறுத்துவது. அப்புறம்தான் முக்கியமானது: கொஞ்சம் உயரமான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, தொப்பென்று விழாமல் மெதுவாக உட்காருவது. நான் இதைச் சமையலறையில் குக்கர் விசிலுக்குக் காத்திருக்கிற நேரத்தில் செய்கிறேன், தனியாக நேரம் ஒதுக்கினால் எனக்கு நடப்பதில்லை. செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், அது ஆபத்து இல்லை. மறுநாளும் வலி கூடியே இருந்தாலோ முட்டி வீங்கினாலோ எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும், முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எடை கூடுதலாக இருந்தால் அதையும் கவனியுங்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. மாடிப்படியில் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கச் சொல்லுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை. கைத்தடி பிடித்தால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். வலி மாத்திரையை மாதக்கணக்கில் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், வயிறு, சிறுநீரகம், பிரஷர் மூன்றுக்கும் கேடு. முட்டிக்கு மேலே தடவுகிற ஜெல் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

எல்லா மூட்டு வலியும் தேய்மானம் இல்லை. காலையில் விறைப்பு அரைமணி நேரத்துக்குள் விட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரம் தாண்டியும் விடாமல், இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மூட்டுவாத நிபுணரின் மருந்துதான் முதலில், தாமதிக்கக் கூடாது. முடக்குவாதத்தில் கழுத்தெலும்பின் பிடிப்பு தளர்ந்திருக்க வாய்ப்புண்டு, அதனால் கழுத்தைச் சொடுக்கி எடுக்க யாரையும் விடவே கூடாது. மூட்டு திடீரென்று சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நீங்கள் இருப்பது மதுரை என்பதால் ஒன்று: ஆஸ்டியோபாத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. கைச் சிகிச்சை தெரிந்த, முறையாகப் படித்த பிசியோதெரபிஸ்ட் இதே வேலையைச் செய்வார். போகும்போது எக்ஸ்ரேயையும் அம்மா சாப்பிடுகிற எல்லா மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். எலும்பு வலுக்குறைவு இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ அவர் கை வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.