தோட்டத்துப் பாதையிலிருந்து பெரிய சாலைக்கு: பெற்றோர் கேட்ட கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல ஆண்டுகளாக வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிந்ததும் லைசென்ஸ் எடுக்கப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் பெற்றோரின் கேள்விகள் வந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் சில.

மகனுக்கு 14 வயது. அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கடைக்குப் போய்வருகிறான். லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தானே பழகுகிறார்கள்?

இன்றைக்கே நிறுத்துங்கள் அம்மா. மோட்டாருக்கான பி2 லைசென்ஸ் எடுக்க 16 வயது ஆக வேண்டும், காருக்கு 17. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், பொதுமக்கள் போய்வரும் பாதையையும் சாலை என்றே எடுத்துக்கொள்கிறது. ‘தோட்டத்துக்குள்தானே’ என்ற பேச்சு அங்கே எடுபடாது. லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்த அப்பாவும் குற்றம் செய்தவர்தான். ஏதாவது ஆகிவிட்டால் காப்புறுதியையும் நம்ப முடியாது.

சட்டத்தை விடுங்கள், எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தோட்டத்தில் பழகி வரும் பிள்ளையைப் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன். கிளட்ச், கியர் எல்லாம் சுத்தமாக இருக்கும். பார்வை மட்டும் சக்கரத்துக்கு முன்னால் பத்தடியைத் தாண்டாது. செம்மண் பாதையில் குழியைப் பார்த்துப் பார்த்தே ஓட்டிய பழக்கம் அது. சந்திப்பில் நிற்கவும் வராது, ஏனென்றால் உள்ளே குறுக்கே வருவது பெரும்பாலும் மாடுதான். அப்படி வந்த ஒரு பையன் முதல் பாடத்திலேயே ஈப்போ–கோலகங்சார் சாலைச் சந்திப்பில் நிற்காமல் காரை விட்டான். நான் கை பிரேக்கை இழுத்துவிட்டேன். எங்களுக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று கடந்து போனது. அந்தப் பையன் வெகுநேரம் பேசவே இல்லை.

நம் நாட்டில் சாலையில் உயிர்விடுபவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது, பஸ் உள்ளே வருவதில்லை, உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: 16 முடிந்ததும் தள்ளிப்போடாமல் பி2 எடுக்க அனுப்புங்கள். அதுவரை டயருக்குக் காற்று பார்க்கவும், சங்கிலியின் தொய்வைப் பார்க்கவும், பின்விளக்கு எரிகிறதா என்று பார்க்கவும் அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து போகும்போதும் சிரிம் தர முத்திரை உள்ள ஹெல்மெட்டைப் போட்டு, வாரை மாட்ட வேண்டும். வாரை மாட்டாத ஹெல்மெட் விழுந்த வேகத்தில் கழன்று ஓடிவிடும். அப்பாவும் மாட்ட வேண்டும், அதைப் பார்த்துத்தான் அவன் செய்வான்.

மகள் எல் (பயிலுநர்) லைசென்ஸ் எடுத்துவிட்டாள். பயிற்சிக்கு மணிக்கு இவ்வளவு என்று காசு போகிறது. ஞாயிற்றுக்கிழமை திடலுக்குப் பக்கத்தில் என் மைவி காரில் பழக்கலாமா?

கூடாது. எல் லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டுநர் பள்ளியின் காரில், அனுமதி பெற்ற பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே ஓட்டலாம்.

ஆனால் காசு செலவில்லாத ஒரு பயிற்சியை நீங்கள்தான் தர முடியும். மகளை முன் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே ஓட்டுங்கள். ‘அந்த பஸ் நிற்கிறது, அதற்கு முன்னாலிருந்து யாராவது குறுக்கே வரலாம், நான் மெதுவாகப் போகிறேன்.’ ‘அந்த மோட்டார்க்காரர் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார், வலது பக்கம் வரப்போகிறார்.’ ஒரு வாரம் கழித்து நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள், அவள் சொல்லட்டும். அவள் சொல்லாமல் விட்டதை வீட்டுக்கு வந்த பிறகு பேசுங்கள். கணினித் தேர்வில் 50 கேள்விக்கு 42 சரியாக இருந்தால் போதும், அதை மனப்பாடம் செய்தே தாண்டிவிடலாம். மேடு, பார்க்கிங், மூன்று முனைத் திருப்பம் எல்லாம் நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன். சாலையைப் படிக்கும் கண் மட்டும் என்னிடம் வரும் சில மணி நேரத்தில் வந்துவிடாது.

இன்னொன்று, நீங்கள் ஓட்டும்போது கைப்பேசியைத் தொட்டால் அதையும் அவள் கற்றுக்கொள்வாள்.

ஆட்டோ லைசென்ஸ் எடுக்கட்டுமா, மேனுவலா?

டி எடுத்தால் இரண்டையும் ஓட்டலாம், டிஏ எடுத்தால் ஆட்டோ மட்டும். வீட்டில் இருப்பது ஆட்டோ, பிள்ளைக்குக் கிளட்ச் பயம் என்றால் டிஏ போதும். வேலைக்குச் சிறிய லாரி, வேன் ஓட்ட நேரலாம் என்றால் டி.

மகனுக்கு பி லைசென்ஸ் (புது ஓட்டுநருக்கானது) கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. கூட்டாளிகள் நான்கு பேரோடு இரவில் பினாங்கு போகக் கேட்கிறான். சட்டப்படி தடை இல்லையே?

தடை இல்லை. இருந்தாலும் நான் அனுப்ப மாட்டேன். புதிதாக ஓட்டும் இளைஞருக்குப் பக்கத்தில் அதே வயதுக் கூட்டாளிகள் ஏறினால் ஆபத்து கூடும். இரவும் தூக்கக் கலக்கமும் சேர்ந்தால் இன்னும் மோசம். நெடுஞ்சாலையில் 110-இல் போகும்போது பின்னாலிருந்து ஒருவன் ‘முந்துடா’ என்பான்.

பி என்பது இரண்டு ஆண்டு. அதற்குள் கெஜாராவில், அதாவது போக்குவரத்துக் குற்றப் புள்ளி முறையில், புள்ளிகள் வரம்பை எட்டினால் லைசென்ஸ் ரத்து. சிவப்பு விளக்கை மீறினால் ஒரே தடவையில் 4 புள்ளி. முதலில் பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்க, ஈப்போ வரை போய் வரட்டும். அப்புறம் மழையில், அப்புறம் இரவில், அதற்கப்புறம் ஒரே ஒரு கூட்டாளியோடு. இப்படி ஆறு மாதம் போகட்டும். இதை அவனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். புறப்படும் நேரத்தில் தடுத்தால் சண்டைதான் வரும்.

மகளுக்குக் குலை லாரியைக் கண்டால் கை நடுங்குகிறது. ஜாலோங் சாலையில் தினமும் பார்க்க வேண்டியிருக்கிறதே?

பயப்படுவது தப்பில்லை, அந்தப் பயத்தை இடைவெளியாக மாற்றச் சொல்லுங்கள். 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. கால் பிரேக்கை எட்டுவதற்குள்ளேயே பல கார் நீளம் போய்விடும். லாரி ஒரு கம்பத்தைக் கடந்ததும் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று எண்ணட்டும். எண்ணி முடிப்பதற்குள் அவள் அந்தக் கம்பத்தை எட்டிவிட்டால் நெருங்கிவிட்டாள் என்று பொருள். மழையில் நான்கு வரை எண்ண வேண்டும். மேலிருந்து பழமோ குலையோ உருண்டாலும் அந்த இடைவெளி இருந்தால் நிறுத்திவிடலாம். லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரியவில்லை என்றால் அவருக்கும் இவளைத் தெரியாது. அந்த இடத்தில் நிலைத்து ஓட்டக் கூடாது. முந்த வேண்டாம், வளைவுகள் முடியும் வரை பின்னாலேயே போகட்டும். பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.