பரணில் கிடைத்த துப்பாக்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: துப்பாக்கியின் குதிரைக்கு (விசையை இழுத்ததும் வந்து அடிக்கும் சுத்தி) பக்கத்துத் தகட்டில் கிரீடமும் '1858 டவர்' என்ற எழுத்தும் இருக்கின்றன. கட்டபொம்மன் காலத்ததா? (சிவகங்கை)

ப: கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799-இல். ஆண்டு தகட்டிலேயே இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். 39 அங்குலக் குழல், அதைக் கட்டையோடு பிணைக்கும் மூன்று பட்டைகள் என்றால் என்ஃபீல்டு என்னும் பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியின் 1853 வகை. குழலுக்குள் சுருள் வரிகள் இல்லாமல் வழவழப்பாக இருந்தால், 1857 கலகத்துக்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கென்று செய்த வகையாகவும் இருக்கலாம். 'டவர்' என்பது லண்டன் டவர் ஆயுதசாலையின் முத்திரை; அதைப் போட்ட போலிகளும் ஏராளம். உள்ளே மருந்து இல்லை என்று உறுதி செய்யாமல் குழல் வாயில் கண்ணை வைக்காதீர்கள்.

கே: மார்ட்டினி ஹென்றி என்னும் பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி போல இருக்கிறது. 'வி.ஆர். 1919' முத்திரை. ஆங்கில 'என்' எழுத்து திரும்பியிருக்கிறது.

ப: பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லையில் உள்ள கைபர் கணவாய்ப் பட்டறைகளில் செய்த போலி. 'வி.ஆர்.' என்பது விக்டோரியா மகாராணியைக் குறிக்கும்; அவர் 1901-இலேயே காலமாகிவிட்டார். சுட்டுப் பார்க்கும் எண்ணமே வேண்டாம்.

கே: துரு ஏறிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் படம் அனுப்பியிருக்கிறேன். எந்த நாட்டுத் துப்பாக்கி? (திண்டுக்கல்)

ப: சொல்ல முடியாது. சொல்லியிருக்கக்கூடியதைத்தான் தேய்த்து எடுத்துவிட்டீர்கள். எத்தனை முறைதான் எழுதுவது? இரும்பில் இருக்கும் முத்திரைதான் துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ். கிழக்கிந்தியக் கம்பெனித் துப்பாக்கிகளில் சுமார் 1808 வரை நான்காகப் பிரித்த இதய வடிவமும் அதற்குள் எழுத்துகளும் இருக்கும். அதன்பின் கிரீடம் ஏந்தி நிற்கும் சிங்கம் வந்தது. அந்த ஒரு குறியைப் பார்த்தாலே காலத்தைப் பாதி கண்டுபிடித்துவிடலாம். ஒரு வீட்டில் நான் பார்த்த தகட்டில் சிங்கத்தின் பின்னங்கால் மட்டும்தான் மிச்சம். மற்றதை அந்த வீட்டுப் பையன் தீபாவளிக்குச் சுத்தம் செய்கிறேன் என்று தேய்த்துத் தீர்த்திருந்தான். இன்றும் நினைத்தால் மனசு கேட்கவில்லை.

துரு இருந்தால் இருக்கட்டும். எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்தும் தெரியும். உப்புத்தாள், எலுமிச்சை, புளி எதுவும் வேண்டாம். வார்னிஷ் அடிக்கவும் கூடாது.

கே: இரட்டைக் குழல் தோட்டாத் துப்பாக்கி. முட்டை வடிவத்துக்குள் 'ஈ.எல்.ஜி.' இருக்கிறது. குழலெங்கும் அலை அலையாக வரி.

ப: பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை முத்திரை. மேலே கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிந்தையது. அலை வரி, இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிப் பற்றவைத்துச் செய்த டமாஸ்கஸ் குழலின் அடையாளம். இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது.

கே: தாத்தா லைசென்ஸ் இருக்கிறது. போதாதா?

ப: போதாது, அது தாத்தாவுக்குக் கொடுத்தது. ஆயுதச் சட்டம் 1959, 45-ஆம் பிரிவில் லைசென்ஸ் வேண்டாம் என்று தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான். சுடுமா சுடாதா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். முதலில் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். துப்பாக்கியோடு பஸ் ஏற வேண்டாம்.

கே: நூறு வருஷ நாட்டுத் துப்பாக்கி. மருந்து செத்திருக்கும்தானே?

ப: ஈரம் படாத கருமருந்து நூறு வருஷமானாலும் பற்றும். வாய்க்கு நேரே முகம், கை வராமல், பக்கத்தில் நின்று ஒரு மரக்குச்சியை மெதுவாகக் குழலுக்குள் விடுங்கள். இடிக்கக் கூடாது. வாய் மட்டத்தில் குச்சியில் அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டிப் பாருங்கள். மருந்துக்குத் தீ போகும் பற்றுத் துளைக்கு இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதை எடுப்பது உங்கள் வேலை அல்ல. ஆளில்லாத பக்கம் வாயைத் திருப்பி வைத்து, அறையைப் பூட்டிவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.