கோழி எரு நாத்தம், அமோனியா: கேளுங்க, பதில் சொல்றேன்

கேள்வி: அண்ணே, முட்டைக் கோழி கொட்டாய்க்குப் பின்னாடி எருவ குவிச்சு வச்சிருக்கேன், எஸ்டேட் லயத்துக்காரங்க கண்ணு எரியுதுன்னு சண்டைக்கு வராங்க. என்ன மருந்து போடலாம்?

பதில்: தம்பி, மருந்த அப்புறம் பாப்போம், மொதல்ல ஈரத்த பாருங்க. கோழி எச்சத்துல வெள்ளையா இருக்குறது யூரிக் அமிலம், ஈரமும் சூடும் கெடச்சா பாக்டீரியா அத யூரியாவாக்கி அப்புறம் கண்ண எரிக்குற அமோனியா வாயுவா மாத்திடும், நம்ம ஊரு மழைக்கும் வெக்கைக்கும் கேக்கவே வேணாம். தண்ணி குடிக்கிற நிப்பிள் ஒழுகுதான்னு பாத்து மாத்துங்க, குவியலுக்கு மேல தகரம் போடுங்க, சுத்தி லோங்காங், அதான் தண்ணி வடியுற வாய்க்கால், வெட்டி விடுங்க. ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழ போச்சுன்னா நாத்தம் நல்லாவே அடங்கும். அந்த நாத்தம் நீங்க தீனிக்குக் குடுத்த காசு தம்பி, நைட்ரஜனா காத்துல போவுது.

கேள்வி: சுண்ணாம்பு தூவலாமா? எங்க வீட்டுல எப்பவும் அதான் போடுவோம்.

பதில்: வேணாம்க்கா, தயவு செஞ்சு சேத்து வைக்கிற எருவுல போடாதீங்க. பிஎச்னா புளிப்புத்தன்மைய, காரத்தன்மைய அளக்குற எண்ணு. அது 7க்குக் கீழ இருந்தா அமோனியா எருவுலயே தங்கும், 8ஐ தாண்டுச்சுன்னா வாயுவா கெளம்பிடும். சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் பிஎச்ச ஏத்துற சாமான்.

கேள்வி: அப்ப பிஎச்ச எறக்குறதுக்கு?

பதில்: அலுமினியம் சல்ஃபேட், தண்ணி சுத்தம் பண்ண போடுவாங்களே அதேதான். எரு எடையில 5லேந்து 10 சதவீதம் கலப்பாங்க. முகமூடி, கையுறை, கண்ணாடி இல்லாம தொடாதீங்க, கண்ணுல பட்டா ரொம்ப எரியும். ஆனா பெரிய குவியலுக்கு செலவு ஜாஸ்தி.

கேள்வி: ரப்பர் மரத்தூள் சும்மா கெடைக்குது, பிரயோஜனமா?

பதில்: ரொம்ப நல்லது! கோழி எருவுல நைட்ரஜன் ஜாஸ்தி கார்பன் கம்மி, சுமாரா கார்பன் 10க்கு நைட்ரஜன் 1தான் இருக்கும், கம்போஸ்ட்டுக்கு கார்பன் 25லேந்து 30க்கு நைட்ரஜன் 1 வேணும், அதனால மரத்தூள், உமி, அரைச்ச செம்பனை (எண்ணெய்ப் பனை) காலிக் குலை, அதான் பழம் எடுத்த குலை, எது கெடைச்சாலும் கலந்து, மேலயும் ஒரு கை உயரம் மூடி வைங்க, கெளம்புற வாயுவ அந்த மூடாக்கே புடிச்சு வச்சுக்கும். சும்மா சும்மா கெளறாதீங்க, ஒவ்வொரு தடவ பொரட்டும்போதும் அமோனியா போவும்.

கேள்வி: பிளாஸ்டிக் போட்டு மூடினா போதாதா?

பதில்: காஞ்ச எருவுக்கு போதும். ஈர எருவ மூடினா உள்ளயே வேர்த்து கெடந்து, தொறக்கும்போது மொத்தமா அடிக்கும்.

கேள்வி: ஐயா, செம்பனைக்கு எருவ எப்ப போடுறது?

பதில்: வெயில் தாழ போடுங்க, மேலாக்க எறைச்சுட்டு வந்துடாதீங்க, அன்னிக்கே மண்ணோட கலந்து விடுங்க. பேய்மழை வர்ற மாதிரி இருந்தா தள்ளிப் போடுங்க, எல்லாம் அடிச்சுட்டு ஆத்துக்குப் போயிடும்.